முன்பாரம்

கூண்டு வண்டியின் அழகைக் கூண்டிலே தேடுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பச்சையும் சிவப்பும் அடித்த சட்டம், பித்தளைக் குமிழ், மாட்டுக்குக் கழுத்துமணி எல்லாம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். நான் ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் நேரே நுகத்தடிப் பக்கம் போய்விடுவேன். சாமான் ஏற்றிய பிறகு, மாடு பூட்டுவதற்கு முன்னால், நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது லேசாக முரண்ட வேண்டும். கிளம்பிய பிறகு கையில் நிதானமாக நிற்க வேண்டும். அந்த முன்பாரம் சரியாக அமைந்தால்தான் அது வண்டி. மற்றதெல்லாம் சக்கரம் வைத்த பெட்டி.

கடம்பூர்ப் பக்கத்திலிருந்து ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டி, சாத்தூர் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வெயில் தாழக் கிளம்பி ராவெல்லாம் நடக்க வேண்டும். முன்பாரம் கூடினால் விடிவதற்குள் மாட்டின் கழுத்து வீங்கிவிடும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அந்த வண்டிக்குள்தான் அரிசி மூட்டை, தண்ணீர்ப் பானை, விறகு, ஜமுக்காளம், பிள்ளைகள், ஆச்சிமார், போதாததற்கு நேர்த்திக்கடன் கிடாய். கிடாய் ஒன்றுதான் சொன்ன இடத்தில் நிற்காது.

எங்கள் பெரியப்பா வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர்ப் பானை அச்சுக்கு நேர் மேலே. குடிக்கக் குடிக்கக் குறைகிற சாமான் அது. நடுவில் இருந்தால்தான் குறைந்தாலும் பாரம் மாறாது. அரிசி அச்சுக்கு ஒரு முழம் முன்னால். விறகு கடைசியில். பிறகு ஆட்கள். நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, முன்பாரம் சாஸ்தியா இருக்கு. ஆச்சிய ஒரு சாண் பின்னால தள்ளி உக்காரச் சொல்லு" என்பார். ஆச்சி முனகிக்கொண்டே நகர்வாள். மறுபடி தூக்கிப் பார்ப்பார். தலையசைத்தால்தான் மாடு வரும். வழியிலும் விடமாட்டார். ஓடை இறக்கம் வந்தால் எல்லாரும் பின்னால் சாய வேண்டும்; ஏறும்போது முன்னால் வர வேண்டும். தூங்குகிற பிள்ளையைக்கூட இழுத்துப் போடுவார்.

காருக்குப் பின்னால் வீட்டை இழுத்துப் போகிற வெள்ளைக்காரர்களும் கடைசியில் இந்தக் கணக்குக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்காவில் அவர்கள் வைத்திருக்கிற விதி. குறைந்தால் வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். உல்லாசப் பயணத்துக்கென்றே இங்கிலாந்தில் முதன்முதலாகச் செய்த வண்டி, 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிஸ்டலில் கட்டிக்கொண்ட 'வாண்டரர்' என்பார்கள். குதிரைகள் இழுத்த வண்டி. ஆனால் அதற்கு நான்கு சக்கரம். முன்பாரம் பார்க்கிற வேலையே இல்லை. அதனால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு, ஆசை கிடையாது.

எங்கள் வண்டி இரண்டு சக்கரத்தில் நிற்கிறதாலேயே சக்கரத்தைக் கண்ணாகப் பார்க்க வேண்டும். கரிசல்காட்டுச் சித்திரை வெயிலில் மண் மட்டுமா வெடிக்கிறது? வட்டை சுருங்கும், ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டை கழன்று கலகலக்கும். கம்மாயில் தண்ணீர் கிடந்தால் சக்கரத்தைக் கழற்றி ஊறப்போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பட்டை கட்டத்தான் வேண்டும். பட்டையை வெட்டி, சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஒட்டி, எருவாட்டியைச் சுற்றிலும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். பட்டை செக்கச்செவேலென்று ஆனதும் குறடால் நாலு பேர் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், சில இடத்தில் தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். பட்டை சுருங்கச் சுருங்க ஒவ்வொரு பொருத்தும் 'நறுக் நறுக்' என்று இறுகுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆசாரி வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார். ஆரக்காலை எண்ணிப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற மணலில் மாட்டை அவிழ்த்து, முன்னும் பின்னும் முட்டுக்கம்பு கொடுத்துவிட்டால் வண்டி வீடாகிவிடும். வாரம் முழுக்கப் பருத்தி ஏற்றிய அதே வண்டிதான். மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டை மேலே வைத்துக் கட்டியதும் ஆளே மாறிவிடும். மேலே பெண்களும் பிள்ளைகளும். அடியில் ஆண்கள். சக்கரம் ஐந்தடி உயரம் என்பதால் அச்சுக்குக் கீழே தாராளமாகப் படுக்கலாம். அச்சோரம் சாக்குத் தொட்டில், அதில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு, மசகுக் குழாய். படுக்கைக்கு வைக்கோல், அதுவும் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தால்தான் உண்டு, எங்கள் சோளத்தட்டையில் யார் படுப்பது? நான் பார்த்த வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு ஒன்றே ஒன்றுதான். அச்சுக்கு மேலே அடிப்பலகையில் பானை உட்காருகிற அளவுக்கு ஆசாரி குடைந்து வைத்த வட்டக்குழி. அலங்காரமே இல்லை. பானை உருளாது, பாரம் நகராது.

டயர் வண்டிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் பேசினார். மரச்சக்கரம் மாட்டை வதைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பாரம் இழுக்க டயர்தான் சரி. ஆனால் பேரிங் போட்ட சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். இறக்கத்தில் மாட்டின் மேலேயே ஏறும். சக்கரத்தின் குடம் அச்சில் இப்படியும் அப்படியும் நகர்ந்து கடையாணியில் முட்டுகிற அந்தச் சத்தமும் இல்லை. அந்தத் தாளத்தில்தான் வண்டி ஓட்டுகிறவர்கூடத் தூங்கிப்போவார். மாடு பாதை தெரிந்து போகும்.

பந்தய வண்டிக்காரர்களிடம் சண்டை இல்லை, வருத்தம்தான். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று ஊர்தோறும் பந்தயம் நடப்பதால்தான் வண்டி ஆசாரிகள் சிலராவது மிஞ்சியிருக்கிறார்கள். ஆனால் அது ஒருவர் உட்கார்ந்து விரட்டுகிற வண்டி. குடும்பத்தை ஏற்றி ராத்தங்க வைக்கிற வண்டியின் நிதானம் அந்தக் கைகளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது ஆடி வெள்ளிக்கு நாற்கரச் சாலையில் நின்று பாருங்கள். குட்டியானையில் பலகை போட்டு மேல்தட்டு, அதில் பத்துப் பேர், கூரையில் ஒலிபெருக்கி. எடை முழுக்க உச்சியில். ஆளேற்றக் கூடாத சரக்கு வண்டி அது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எடை எங்கே உட்கார வேண்டும் என்று கேட்க அதில் ஒரு பெரியப்பாகூட இல்லையா? மறுகோடியில் கேரவன். கேரளம் 2021-ல் அதற்கென்று ஒரு சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. குளிர்பதனம், டிவி, கழிப்பறை எல்லாம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் பட்டறையில் டிரெய்லர் அடிக்கலாமா என்று கேட்கிறவர்கள் வருகிறார்கள். கேட்பதெல்லாம் உள் அலங்காரத்தைப் பற்றித்தான்.

அவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள், வாலில் வேண்டாம். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு கொக்கியைத் தராசில் வையுங்கள். 1,000 கிலோ வண்டி என்றால் கொக்கியில் 100 கிலோவுக்குக் குறையக் கூடாது, 150-ஐத் தாண்டவும் கூடாது. அந்த எண் சரியாக வராமல் பட்டறைக்காரருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மெத்தை, திரைச்சீலை எல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.