ஒரு வெள்ளிக்கு ஒரு சூப்பர் ஹீரோ

2017இல் வந்த ஸ்பைடர்மேன் நாணயத்தை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் வலை, அதன் முன்னே ஸ்பைடர்மேன். திருப்பினால் எலிசபெத் ராணி, துவாலு என்ற நாட்டின் பெயர், 1 டாலர் என்ற மதிப்பு. அடித்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை. உள்ளே இருப்பது ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளி. நம்மூரில் டாலரையே வெள்ளி என்கிறோம் இல்லையா, அந்தக் குழப்பம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுத்தில் ஒரு வெள்ளி. எடைபோட்டால் பல வெள்ளி. இதைக் கொடுத்து ஒரு தே வாங்கிக் குடிக்க யாரும் போகமாட்டாங்க. பிளாஸ்டிக் உறைக்குள் பிறந்து அதற்குள்ளேயே வாழ்கிற காசு.

வேலைப்பாடு சுத்தம். ஆனால் 1962இலிருந்து வாசகர்கள் நேசித்தது வீட்டு வாடகைக்கு அல்லாடும் பீட்டர் பார்க்கரை. சித்திரக்கதையில் முகமூடி கழன்ற பிறகுதான் கதையே சூடுபிடிக்கும். வெள்ளியில் உறைய வைத்ததும் மிஞ்சியது முகமூடி மட்டும்.

எனக்கு உறுத்துவது மறுபக்கம். துவாலு சுமார் 11,000 பேர் வாழும் பசிபிக் தீவுநாடு. அதன் எந்த மேடும் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரைத் தாண்டாது. 2021 பருவநிலை மாநாட்டுக்காக அதன் அமைச்சர் சைமன் கோஃபே கடல்நீரில் நின்றபடி பேசியதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

உடனே ‘ஐயோ பாவம், சின்ன நாடு, ஏமாத்திட்டாங்க’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். துவாலு தன் பெயரை விற்கத் தெரிந்த நாடு. ‘டாட் டிவி’ என்ற இணைய முகவரியைக் குத்தகைக்கு விட்ட பணம்தான் 2000இல் அது ஐ.நா.வில் சேர உதவியது. விற்க நிலமோ எண்ணெயோ இல்லாதவர்கள் பெயரை விற்கிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

என் சண்டை வேறு. இணைய முகவரியில் படம் கிடையாது, நாணயத்தில் உண்டு. 1976இல் துவாலு தன் முதல் நாணயங்களை வெளியிட்டபோது ராணியின் மறுபக்கத்தில் பறக்கும் மீன் இருந்தது, நண்டு இருந்தது, 50 காசில் ஆக்டோபஸ். ஒரு டாலரில் கடலாமை. அந்தக் காசுகளைத் தீவுக்காரர்கள் கையில் வைத்துச் செலவழித்தார்கள். கலையாக எடுத்துக்கொண்டால் அந்த ஆமை முன்னால் பெர்த்தின் பளபளப்பு நிற்காது என்பேன். அது அந்தக் கடலிலேயே நீந்துகிற உயிர்.

ஸ்பைடர்மேனுக்குப் பிறகு தோர் வந்தான், அயர்ன்மேன் வந்தான், டெட்பூல்கூட வந்துட்டான். எல்லாருக்கும் ஆமை இருந்த அதே ஒரு டாலர்தான் மதிப்பு.