கயிற்றை அறுத்த பிறகு

நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கை 610 பக்கம். 2024 ஜூன் 18 அன்று முதல்வர் கைக்குப் போனது. அதைப் பற்றி நடந்த சண்டையோ கையில் கட்டும் கயிறு, நெற்றியில் வைக்கும் திலகம், இந்த இரண்டைத் தாண்டவே இல்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே மற்ற பக்கங்களை மூடி வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கயிறு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றை வைத்து வந்த சண்டையில் ஒரு பிளஸ் டூ மாணவர் செத்தே போனார். 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை இதற்குச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் செங்கோட்டையன் பின்வாங்கினார். நம்ம ஊர்ப் பக்கம் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தத் தெரு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

ஆனால் 'எல்லாரும் கழற்றுங்க' என்பது எல்லாருக்கும் சமமான விதியா? 2007-இல் வேல்ஸில் ஒரு பெண்கள் பள்ளி, நகை கூடாது என்ற பொதுவிதியைக் காட்டி, ஒரு சீக்கிய மாணவியின் காப்பைக் கழற்றச் சொன்னது. நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. விதி பொதுதான், அடி மட்டும் ஒருத்திக்கு விழுந்தது. இங்கே நிலைமை வேறு, கயிறு பக்தியைவிட மிரட்டலுக்கே அதிகம் பயன்படுகிறது. அதனால் தடை சரி. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்: இந்த விதி யார் மேல எப்படி விழுது?

அதை நாங்குநேரியில் கேட்டுப் பாருங்கள். தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்ற பையன். ஆசிரியர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவன் பெயர்களைச் சொன்னான். அதாவது புத்தகத்தில் சொல்லியிருக்கும்படியே எல்லாம் நடந்தது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சந்துரு குழு அமைந்ததே இதனால்தான். அந்தச் சம்பவத்தில் கயிற்றைக் கழற்றியிருந்தால் என்ன மாறியிருக்கும்? புகார் சொன்னவனின் பெயர் சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போய்ச் சேராமல் இருந்திருந்தால்தான் ஏதாவது மாறியிருக்கும்.

பள்ளிகளில் வழக்கம் என்ன? இரண்டு பேரையும் ஹெச்.எம். அறையில் நிறுத்தி, 'ரெண்டு பேரும் கை கொடுங்கடா' என்பார்கள். பார்க்கச் சமத்துவம் மாதிரிதான் இருக்கும். வெளியே போனால் ஒருத்தனுக்குப் பின்னால் ஊரே நிற்கும், இன்னொருத்தனுக்கு அம்மா மட்டும்.

அதனால்தான், ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்ற பரிந்துரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆசிரியர் சங்கங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் உரக்கப் படிக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்பதும் அதே அளவு முக்கியம், 'எஸ்.சி. பசங்க எந்திரிங்க' என்ற ஒரு வரி கயிற்றைவிடப் பளிச்சென்று அடையாளம் காட்டும். சீருடை போட்ட 'சமூகநீதி மாணவர் படை' மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சீருடையோடு ஊருக்குள் நடந்து போகிற பிள்ளையை 'போட்டுக் கொடுக்கிறவன்' என்பார்கள்.

இன்னொன்று, காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கும் தூரம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் போன பிளஸ் ஒன் மாணவரைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. அந்தப் பஸ் எந்த ஹெச்.எம். பொறுப்பில் வரும்?

நாங்குநேரிப் பையன் 2024-இல் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் வாங்கினான். எல்லாரும் பாராட்டினோம். ஆனால் அவன் குடும்பம் ஊரை விட்டுத் திருநெல்வேலிக்கு வர வேண்டியிருந்தது. கயிற்றை எண்ணுகிற அதிகாரிகள், புகார் கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து அதே பள்ளியில், அதே வகுப்பில் இருக்கிறார்கள் என்றும் எண்ணட்டும்.