கண்ட புகழும் காணாப் புகழும்

கல்முனைக் கடற்கரையில் மாலை வேளையிற் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் இளைஞர் உதைபந்தாடுவர், துடுப்பெடுத்தும் ஆடுவர். தோணிகளின் அருகே அமர்ந்து முதியோர் அவ்வாட்டத்திற்குத் தீர்ப்புக் கூறுவர். அம்முதியோருள் எவரும் இன்று பந்தைத் தொடுவாரல்லர். ஆயினும் எவனுடைய உதை நேரியது, எவனுடையது பிழைத்தது என்பதில் அவர்க்கு ஐயம் எழுவதில்லை. அவ்வூர்களிலேயே தறிமுன் அமர்ந்து நுண்ணிய கரை நெய்வோரும் உளர். இரவெல்லாம் விளக்கெரிய ஏடு புரட்டுவோரும் உளர். அவர்தம் திறங்கண்டு கைதட்டுவார் இலர்.

இவ்வேற்றுமை கல்முனைக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் ஓடுவோனும் பாய்வோனும் பந்தெறிவோனும் வீரர் எனக் கொண்டாடப்பட, நோய்க்கு மருந்து கண்டவனும், நூல் செய்தவனும், நெல்லின் விளைவைப் பெருக்கியவனும் பெயரறியப்படாது மறைகின்றனர். இதற்குக் காரணம் யாதெனக் கற்றோரைக் கேட்பின், பொதுமக்களின் அறியாமை என ஒரு சொல்லிற் கூறி அமைவர். அவ்விடை கூறுவார்க்கு ஆறுதல் தருவதேயன்றி உண்மையைத் தருவதன்று. மக்கள் விளையாட்டு வீரனைப் போற்றுதற்குத் தக்க காரணங்கள் உள. அவற்றை ஆராயின், குறை காண்போரிடத்தன்று, காட்டாதோரிடத்தே உள்ளது என்பது புலனாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பழைய சான்றொன்றை நோக்குவோம். புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழனைப் பற்றியன. முதல் மூன்றையும் சாத்தந்தையாரும், பின்னைய மூன்றையும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். ஆமூரில் வலிமிக்க மல்லனொருவனை அவன் பொருது அடக்கிய செய்தி அவற்றுட் காணப்படுகிறது. அவ்வெற்றியைக் கூறும் புலவர், கிள்ளியின் தந்தை எனப்படும் தித்தன், மனம் உவப்பினும் உவவாதொழியினும், இதனைக் கண்ணாரக் காணல் வேண்டும் என விழைகின்றார். மற்றொரு பாடலிற் போரின் விரைவுக்கு உவமை வேண்டியபோது, விழாவும் மனைவியின் மகப்பேறும் ஒருங்கே நெருங்க, மாலை மழையில் விரைந்து கட்டில் பின்னும் எளிய தொழிலாளி ஒருவனின் கையூசியை எடுத்துக் காட்டுகின்றார். இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். புகழப்பட்டவன் மற்போர் வீரன். அவன் விரைவை அளத்தற்கு அளவுகோலாய் நின்றது கைவினைஞனின் ஊசி. அளவுகோலுக்குப் பெயரில்லை, அளக்கப்பட்டவனுக்கே பெயருண்டு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நாம் வினவும் வினா அங்குத் தோன்றிவிட்டது.

நக்கண்ணையார் பாடலொன்று இன்னும் நுட்பமானது. கிள்ளி அவ்வூரானல்லன், அந்நாட்டானுமல்லன். ஆதலின் வெற்றி அவனதே என்பர் ஒருசாரார். அன்று என்பர் மற்றொருசாரார். தலைவியோ சிலம்பொலிக்க ஓடித் தன் இல்லத்துப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தானே கண்டதாகக் கூறுகின்றாள். ஊரார் அனைவரும் நடுவராயினர் என்பதும், தம்மவன் அல்லாதவனுக்கு வெற்றியை ஈய மனமிலராயினர் சிலர் என்பதும், கண்டவள் சொல்லே இறுதிச் சொல்லாயிற்று என்பதும் இப்பாடலால் விளங்கும். விளையாட்டு வீரன் போற்றப்படுதற்குரிய காரணங்கள் இதனுள்ளேயே அடங்கியுள்ளன.

அவற்றுள் முதலாவது, காண்போர் ஒவ்வொருவரும் தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டிருத்தல். ஓடாத பிள்ளையில்லை, வேலியைத் தாண்டாத சிறுவனில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் அண்ணாவியாரிடம் சீனடியும் சிலம்பமும் பயிலும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கம்பைக் கையிலெடுத்துப் பழகியவனே, ஊர்வலத்தில் ஆடுவோனின் ஓர் அடி எத்துணை அரியது என உணர்வான். அவ்வாறே 2.03 மீற்றர் உயரத்திற் கிடக்கும் கோலைப் பார்ப்பவன், தன் தலைக்கும் அதற்குமுள்ள இடைவெளியை உடனே அறிகின்றான்; அதனைத் தாண்டியவனை வியக்கின்றான். வெண்பா ஒன்று யாத்துப் பாராதவனோ, தனக்கும் புலவனுக்கும் இடையே உள்ள தொலைவை எவ்வாறு அறிவான்? வியப்பு அறியாமையிற் பிறப்பதன்று. ஓரளவேனும் அறிந்ததன் பயனாகவே அது பிறக்கின்றது.

இரண்டாவது காரணம், விளையாட்டின் வினை கண்முன்னே தொடங்கிக் கண்முன்னே முடிதல். 1996 மார்ச் 17 இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கிண்ணம் பெற்றபோது, அரவிந்த டி சில்வா ஆட்டமிழவாது எடுத்த 107 ஓட்டங்களும் ஒரே பொழுதில் எடுக்கப்பட்டவை. 2010 ஜூலை 22 இல் காலியில் முத்தையா முரளிதரன் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தில் 800 ஆவது விக்கெற்றை வீழ்த்தினார். அந்த 800 என்னும் எண்ணை நம் சிறுவர் எழுத்தறியுமுன்னரே அறிவர். நூலாசிரியன் வினைக்கோ இத்தகைய முடிவு நாளில்லை. அவன் வென்றானா தோற்றானா என்பது அவன் இறந்த பின்னரும் துணியப்படாது கிடத்தல் கூடும். இன்னுஞ் சில வினைகளின் வெற்றியாவது, ஒன்று நிகழாமற் போதலேயாகும். வராத கொள்ளைநோயையும் நேராத பஞ்சத்தையும் கண்டு ஆர்ப்பரித்தல் யார்க்கும் இயலாது.

மூன்றாவது, வீரனது வெற்றியைக் காண்போர் தமதாகக் கொள்ளுதல். லாகூரில் ஆடியவர் பதினொருவர். வென்றோம் என்றவர் ஒரு தீவினர். யாழ் நூல் வெளிவந்தபோது, எழுதினோம் என எவரும் கூறினாரல்லர்.

இம்மூன்று காரணங்களையும் ஒருவர் வாழ்விலேயே வைத்துச் சோதித்தல் கூடும். யாழ்ப்பாணத்திற் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டவர். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டினார். பின்னர் அமெரிக்காவிற் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்காவிலுள்ள சியரா லியோன் முதலிய இடங்களில் வேளாண்மைக் கல்விப் பணியாற்றி, 2024 இல் மறைந்தார். அவர் பாய்ந்த உயரத்தை நம்முட் பலர் கூறுவர். அவர் ஆராய்ந்த பொருள் யாது எனக் கேட்பின் மௌனமே விடையாகும். மனிதர் ஒருவரே, உழைப்பும் அவருடையதே. பாய்ச்சல் சில கணங்களில் முடிந்தது. கல்விப்பணி பல்லாண்டு நடந்தது. கணம் நினைவில் நின்றது, பல்லாண்டு மறந்தது. ஆகவே சமூகம் போற்றுவது ஆளையன்று, கண்ணுக்குப் புலனாகும் வினையையே என்பது பெறப்படும்.

அப்போற்றுதலும் எத்துணை மெலிது என்பதை அவ்வாண்டே காட்டிற்று. ரோக்கியோ விழா 1958 மே 24 இல் தொடங்கி ஜூன் 1 இல் முடிந்தது. அந்நாட்களிலேயே இலங்கையிற் தமிழர்க்கெதிரான வன்செயல்கள் மூண்டெழுந்தன. மே 27 இல் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. நாட்டின் கொடியைத் தமிழரொருவர் அயல்நாட்டில் உயர்த்திய அதே வேளையில், அந்நாட்டிலே தமிழர் வீடிழந்து ஓடினர். வென்றோம் என்னும் பன்மைச் சொல் மைதானத்தின் எல்லையைத் தாண்டி நிற்கவில்லை. வீரவணக்கம் ஒரு சமூகத்தை ஒன்றாக்கும் எனக் கூறுவோர் இதனை மறத்தலாகாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். நம் ஊர்களிற் கல்வியும் போற்றப்படுகின்றதே. மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவான மாணவரின் படம் தாங்கிய பதாகைகள் சந்திதோறும் தொங்குகின்றனவே என்பர். உண்மையே. ஆயின் அப்பதாகையில் எழுதப்படுவது யாது? மாவட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்பதன்றோ? அம்மாணவர் எதனைக் கற்றார், எவ்வினா அவரை உறங்கவொட்டாது வருத்திற்று என்பது அதில் இராது. கல்வியைப் போற்ற எண்ணியபோதும் நாம் அதனை ஓட்டப்பந்தயமாக்கியே போற்றுகின்றோம். ஆதலின் இத்தடை நம் கூற்றை மறுப்பதன்று, வலியுறுத்துவதேயாம்.

இனி, விளையாட்டு வீரனும் புலவனும் உண்மையில் வேறுபட்டவரோ என வினவுவோம். வீரனது பயிற்சியும் மறைவிலேயே நடைபெறுகின்றது. வைகறையில் அவன் தனித்து ஓடிய ஓட்டங்களைக் கண்டவர் இலர். ஆயின் அவனுக்கு ஒரு நாள் உண்டு. மறைவிற் செய்த அனைத்தும் பலர்முன் வெளிப்படும் நாள் அது. புலவனுக்கு அந்நாள் இல்லை. வேற்றுமை இதுவே.

தமிழுலகில் எக்காலத்தும் இந்நிலை இருந்ததன்று. நூல் செய்தவன் அதனை அவைமுன் படித்துப் பொருள்கூறி, வினவுவார்க்கு விடையிறுத்து, ஏற்கப்பெறும் அரங்கேற்றம் என்னும் முறையை நம் முன்னோர் வகுத்தனர். கல்முனையை அடுத்த காரைதீவில் 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானவர். வழக்கொழிந்த யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், 1947 ஜூனிற் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஏட்டிற் கிடந்த கணக்கு அங்கு இசையாகிச் செவியில் விழுந்தது. அடுத்த திங்களே அவர் மறைந்தார். தம் உழைப்பைப் பலர்முன் காட்டும் அந்த ஒரு நாளை அவர் பெற்றார். இன்றைய ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் அதனையும் பெறுவதில்லை.

எழுத்தறியாதாருக்கும் புலமையைக் காட்டும் வழி இக்கடற்கரை முஸ்லிம் ஊர்களிலும் இருந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களாலானது. அதனைத் தனியே படித்துணர்தல் யார்க்கும் எளிதன்று. ஆயினும் ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் கூடியிருந்து கேட்டனர். கேட்டோர்க்கு எது நற்பாட்டு, எது நல்லுரை எனத் தீர்ப்புக் கூறும் தகுதி சிறிது சிறிதாக வாய்த்தது. கடற்கரை முதியோர் பந்தாட்டத்திற்குத் தீர்ப்புக் கூறுதல் போன்றதே அதுவும். அவ்வவைகள் அருகின, மைதானங்கள் நிலைத்தன. பின் மைதானத்தில் மக்கள் திரளுதல் வியப்பாமோ?

அவையே கூட்ட இயலாத பணிகளும் உள. 1942 இல், போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது, இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அசீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணியோடு கல்விப்பணியிலும் ஈடுபட்டார். வறிய முஸ்லிம் மாணவரின் உயர்கல்விக்கு உதவும் நிதியொன்றை 1945 இல் நிறுவ முன்னின்றார். அவர் வென்ற போட்டி யாது? எதிர்த்து நின்றவர் யார்? நிகழாத பசிக்கும், இடைநில்லாத படிப்பிற்கும் பதக்கம் வழங்கும் மேடை எங்குமில்லை. இத்தகையோரைக் காட்டக் கண் போதாது, சொல் வேண்டும். அச்சொல்லைத் தேடித் தருதல் கற்றோர் கடமை.

ஆகவே வீரனுக்கிட்ட மாலையைப் பறித்துப் புலவனுக்கு அணிவித்தல் நம் வேண்டுகோளன்று. அம்மாலை அவனுக்குரியதே. கல்லூரிகளை நோக்கி நாம் கேட்பது சிறிது. விளையாட்டு விழாவில் மாணவன் ஓடுவதை நாம் காண்கின்றோம். ஓடி முடித்தான் என அறிவித்துக் கிண்ணத்தை மட்டும் கையில் கொடுப்பதில்லை. பரிசளிப்பு விழாவிலோ, கட்டுரைக்கு முதற்பரிசு என ஒரு பெயர் வாசிக்கப்படுகின்றது, கட்டுரை வாசிக்கப்படுவதில்லை. அதனை எழுதியவன் மேடையேறிப் படிக்கட்டும். கணிதத்திற் சிறந்தவள் ஒரு கணக்கின் அழகைப் பெற்றோர்க்கு விளங்க எடுத்துரைக்கட்டும். சபை வினவட்டும், அவர்கள் விடையிறுக்கட்டும். முதலாண்டிற் சிலர் கொட்டாவி விடுவர். சில ஆண்டுகள் கழிந்தபின், எது நல்விடை என அச்சபையே கூறும்.

மக்கள் கண்டதைப் போற்றுவர். அவர்கள் காணவில்லையே எனக் கடிதல் எளிது. காணுமாறு செய்தலே அரிது. அவ்வரிய பணியை மேற்கொள்ளாத கற்றோர்க்கு மைதானத்தின் ஆரவாரத்தைக் குறைகூறும் உரிமை இல்லை.