பாட்டுக்குப் பேர் உண்டு

ஜெயமங்கலத்து வயல்ல நாத்து நட்டுக்கிட்டே எங்கம்மா பாடும். நடவுக்குக் கூலி உண்டு, பாட்டுக்குக் கிடையாது. பிறகு அதே மெட்டைக் கேசட்டில் கேட்டோம். அட்டையில் 'நாட்டுப்புறப் பாடல்' என்றிருந்தது. நட்டவள் பேர் எங்கே?

அமெரிக்கப் பாடகர் நீல் யங், கிரேஸி ஹார்ஸ் குழுவோடு 2012-ல் 'அமெரிக்கானா' என்று பழைய பாட்டுகளைப் பாடி ஆல்பம் போட்டார். அதிலுள்ள 'ஓ சூசன்னா' 1848-ல் அச்சேறியது. வெள்ளைக்காரன் மூஞ்சியில் கரி பூசி, கறுப்பரைக் கேலி செய்து ஆடிய மேடையின் பாட்டு அது. 'மரபு' என்று சொன்னால் அந்தக் கரியும் மறைந்துவிடுகிறது.

இங்கே நடந்தது என்ன? 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. நிலமில்லாமல் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதையை அறிவு எழுதிப் பாடினார். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது.

2024-ல் அறிவு கொண்டுவந்த ஆல்பத்தின் பேரே 'வள்ளியம்மா பேராண்டி'. ராப் எப்படி நம்ம பாட்டாகும்னு கேக்குறாங்க. கேக்கட்டும். பாட்டியின் பேர் தலைப்பிலேயே நிற்கிறது. அதை அழித்துவிட்டு 'மரபு' என்று யாரும் எழுத முடியாது. இந்த ஆல்பத்தின் முதல் பலம் அதுதான்.

எங்கம்மாவுக்கு அப்படி ஓர் அட்டை வாய்க்கவில்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களே, மெட்டைக் கேட்பதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள். எந்தத் தெரு என்றும் சேர்த்தே எழுதுங்கள்.