தீர்க்கதரிசனமும் உடைமை உறவுகளும்: கோணமலைக் கல்வெட்டொன்றை முன்வைத்து

திருகோணமலைப் பிரெடெரிக் கோட்டை வாயிலில், கயல் உருவத்துடன், சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. குளக்கோட்டனின் திருப்பணியைப் பறங்கியர் இடிப்பர் என்பதே அதன் பொருளென்பர். அவர்க்குப் பின் ஆள்வோரைக் கண்ணின் நிறத்தால் வரிசைப்படுத்தும் முழுப்பாடலோ வாய்மொழி மரபினது. அது பலித்ததா என்பதே பெரிதும் பேசப்பட்டுள்ளது. அது எவர் நலனிலிருந்து பேசுகின்றது என்பதே நாம் எழுப்பும் வினா.

எபிரேய தீர்க்கதரிசிகளை ஈண்டு ஒப்புநோக்கலாம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான ஆட்சியில், வட இஸ்ரவேலிலே பேசியவன் ஆமோஸ். கடனுக்காக ஏழை விற்கப்படுவதையும், தானிய வணிகர் அளவையைக் குறைத்து எடைக்கல்லைக் கூட்டுவதையும் அவன் கண்டித்தான். சமாரியா அகழ்வில் வெளிப்பட்ட தந்தச் சிற்பங்களும், தலைநகருக்குச் சென்ற எண்ணெயையும் மதுவையும் பதிந்த ஓட்டுச் சில்லுகளும் அச்செழிப்பின் மறுபக்கத்தை விளக்குகின்றன. அவனது நூலின் இறுதியிலுள்ள மீட்சி வாக்குப் பிற்சேர்க்கையென ஆய்வாளர் பலர் கொள்வர். தீர்க்கதரிசனம் நிகழ்ச்சிகளின் பின்னரும் வளர்வது என்பதற்கு இது சான்று.

கோணமலைப் பாடலையும் அவ்வாறு நோக்குதலே பொருந்தும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். அழிந்தது வழிபாட்டிடம் மட்டுமன்று. ஒரு பொருளாதார ஒழுங்கின் மையமுமாகும். கவிராசவரோதயன் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு இதனைத் தெளிவாக்குகின்றது. தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் ஆகியோரின் உரிமைகள், வயல்நிலம், கோயிலூழியம், கந்தளாய்க் குளம் ஆகியவற்றை அது பேசுகின்றது. குளக்கோட்டன் கட்டளையெனும் புனிதப் போர்வையில், உழைப்புப் பிரிவினையை நிலைபெறச் செய்யும் ஆவணம் அது.

எனவே வேறுபாடு அடிப்படையானது. ஆமோஸ் தன் சமூகத்தினுள்ளேயே சுரண்டுவோரைச் சுட்டினான். விழாவும் பலியும் அநீதியை மறைக்கா என்றான். கோணமலைப் பாடலோ அந்நியரை மட்டுமே காண்கின்றது. கோயில் இடிப்பின் கொடுமை மறுக்கற்பாலதன்று. அந்த இழப்புணர்வும் மெய்யே. ஆயினும் வயலில் உழைத்தோரும், பின்னர் 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த துறைமுகத்திற் சுமை தூக்கியோரும் அதிற் குரலற்றோரே. பழம்பெருமையை மட்டும் போற்றும் ஆய்வு அம்மௌனத்தையே நீட்டிக்கும். அம்மௌனத்தை வாசிப்பதே எமது திறனாய்வின் கடன்.