தராசும் கதவுநிலையும்: 'தெசெக்கிலிப்ராதோ' என்னும் ஸ்பானியச் சொல்லின் ஆங்கிலப் பெயர்ப்பு

ஆய்வுச்சுருக்கம்

மனச் சமநிலை இழந்தவரைக் குறிக்கும் 'தெசெக்கிலிப்ராதோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு 'அன்பேலன்ஸ்டு' என்னும் ஆங்கிலச் சொல் நிகராகக் கொள்ளப்படுகிறது. சொற்பிறப்பளவில் பொருந்தும் இந்நிகர்ச்சொல், இலக்கணத்திலும் வழக்கிலும் பொருந்தாது போகும் இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஸ்பானியத் தொடர் ஒருவர் எய்திய நிலையைச் சொல்கிறதா, அவரை ஒரு வகையினராக வகுக்கிறதா என்பதைத் தெளிந்த பின்னரே ஆங்கிலச் சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மொழிபெயர்ப்பியல், ஸ்பானியம், நிகர்ச்சொல், மனநிலைச் சொற்கள், நீதிமன்ற மொழிபெயர்ப்பு.

முன்னுரை

உடற்பெயர்களையும் பொருட்பெயர்களையும் பெயர்ப்பதைவிட மனநிலையைக் குறிக்கும் சொற்களைப் பெயர்ப்பது அரிது. அச்சொற்கள் ஒரு நிலையை விவரிப்பதோடு நில்லாமல், அந்நிலைக்கு ஆளானவரை மதிப்பிடவும் செய்கின்றன. விவரிப்பு எங்கே முடிகிறது, மதிப்பீடு எங்கே தொடங்குகிறது என்பதை மொழிக்கு மொழி வெவ்வேறு உறுப்புகள் காட்டுகின்றன. ஸ்பானியத்தில் அப்பணியின் பெரும்பகுதியை வினைச்சொல் ஏற்கிறது. அகராதியின் துணையை மட்டுமே கொண்டு பெயர்ப்பவர் தவறவிடுவதும் அதனையே.

சொற்பிறப்பு காட்டும் ஒற்றுமை

'தெசெக்கிலிப்ராதோ' என்பதன் அடியிலுள்ள 'எக்கிலிப்ரியோ', 'சமம்', 'தராசு' என்னும் பொருளுடைய இரு இலத்தீன் கூறுகளின் வழிவந்தது. ஆங்கிலத்தின் 'பேலன்ஸ்' இரண்டு தட்டுகளையுடைய தராசைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. எனவே இரு மொழிகளும் மனத்தைத் தராசாகவே காண்கின்றன. தமிழிலும் தராசு உவமையாகிறது; எனினும் திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் அது சான்றோரின் நீதிக்கு உவமையாகிறதேயன்றி மனநலத்திற்கு அன்று. இந்த ஒற்றுமையே 'அன்பேலன்ஸ்டு' என்பதை ஐயமின்றி ஏற்கச் செய்கிறது.

பொருளெல்லையை நோக்கினால் வேறுபாடு புலனாகும். ஸ்பானிய அரசகழகத்தின் அகராதி இச்சொல்லை, நல்லறிவும் மனத்தெளிவும் குன்றி, சில வேளைகளில் பித்தரைப்போலத் தோன்றும் அளவுக்குச் செல்பவர் என்ற கருத்தில் விளக்குகிறது. பித்தராதல் வேறு, பித்தரைப்போலத் தோன்றுதல் வேறு. தெளிவுக்கும் பித்துக்கும் இடைப்பட்ட நிலத்தையே அச்சொல் குறிக்கிறது. அந்நிலம் ஸ்பானிய இலக்கியத்திற்குப் புதிதன்று. செர்வாந்தெசின் 'தோன் கிகோத்தே' நாவலின் 1615ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பகுதியில், தோன் தியேகோ என்னும் கனவான் கதைத்தலைவனைத் தெளிந்தவன் என்றோ பித்தன் என்றோ அறுதியிட இயலாமல் திகைப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இரு வினைகளும் ஒரு வினையும்

ஸ்பானியத்தில் 'இருத்தல்' பொருளில் 'செர்', 'எஸ்தார்' என இரு வினைகள் உள்ளன. முன்னது இயல்பையும் வகையையும், பின்னது நிலையையும் உணர்த்தும். 'எஸ்தார்' தற்காலிகத்தைக் குறிக்கும் என்று சுருக்கிச் சொல்வது பிழையாகும்; ஒருவர் இறந்திருப்பதையும் ஸ்பானியர் அவ்வினையாலேயே கூறுவர். ஒரு மாற்றத்தின் விளைவாக எய்திய நிலை என்பதே அதன் உட்பொருள்.

'எஸ்தா தெசெக்கிலிப்ராதோ' என்றால் அவன் நிலைகுலைந்திருக்கிறான் என்பது பொருள். முன்பு நிலைகொண்டிருந்தான் என்பதும் அதனுள் அடங்கும். 'எஸ் உன் தெசெக்கிலிப்ராதோ' என்றால் அவன் சித்தம் பிறழ்ந்தவன் என்பது பொருள். இங்கு எச்சச்சொல் பெயராகி ஆளையே வகைப்படுத்துகிறது. தமிழ் இவ்வேறுபாட்டை 'குலைந்திருக்கிறான்' என்னும் வினைமுற்றாலும் 'பிறழ்ந்தவன்' என்னும் வினையாலணையும் பெயராலும் எளிதில் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ இருத்தலுக்கு ஒரே வினைதான். மேலும் 'அன்பேலன்ஸ்டு' என்பது ஸ்பானியச் சொல்லைப்போலத் தனித்து நின்று ஒரு மனிதனைக் குறிக்கும் பெயராகாது. அதனால் மொழிபெயர்ப்பாளர் 'மேன்', 'பெர்சன்' போன்றதொரு பெயரைச் சேர்க்கிறார். அல்லது 'மேட்மேன்', 'லூனடிக்' போன்ற கடுஞ்சொல்லுக்குத் தாவுகிறார். முதல் வழியில் வசை தணிகிறது. இரண்டாம் வழியில் மிகுகிறது.

கதவுநிலையின் உருவகம்

இதே பொருட்புலத்தில் வழங்கும் 'தெஸ்கிசியாதோ' என்னும் சொல் மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. இதன் அடிச்சொல்லான 'கிசியோ' கதவின் கீல் பொருந்தும் நிலைப்பகுதியைக் குறிக்கும். கீல் கழன்ற கதவு என்னும் இவ்வுருவகம் ஆங்கிலத்தின் 'அன்ஹிஞ்டு' என்பதிலும் உண்டு. தமிழில் 'நிலை' என்னும் சொல் கதவு நிற்கும் சட்டத்தையும் மனத்தின் இருப்பையும் ஒருங்கே குறிப்பதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

உருவகம் ஒத்திருப்பினும் வழக்கு ஒத்திருப்பதில்லை. 'கிசியோவிலிருந்து பெயர்த்தல்' என்னும் மரபுத்தொடர் ஸ்பானிய இல்லங்களில் அன்றாடம் ஒலிப்பது. பிள்ளைகளின் கூச்சல் பொறாத தாய் சலித்துக்கொள்ளும்போது இத்தொடரைக் கூறுவாள். அவள் சொல்வது எரிச்சலை மட்டுமே. அதனை 'அன்ஹிஞ்டு' எனப் பெயர்த்தால் அவள் மனநோய்க்கு ஆளானவள் ஆகிவிடுவாள். மறுதலையாக, 'தெசெக்கிலிப்ரான்தே' என்னும் சொல் காற்பந்து வருணனையில் பாராட்டாக வழங்குகிறது. எதிரணியின் தற்காப்பைக் குலைத்து ஆட்டத்தின் போக்கை மாற்றும் வீரரை அது புகழ்கிறது. ஒரே அடிச்சொல் வசையாகவும் புகழாகவும் நிற்கும்போது, உருவக ஒற்றுமையை நம்பிப் பெயர்ப்பது போதாது.

பதிவேட்டில் எஞ்சும் சொல்

இவ்வேறுபாடு இலக்கண நுட்பத்தோடு முடிவதன்று. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. சாட்சி ஸ்பானியத்தில் பேசினாலும் எழுத்துப்பதிவில் நிற்பது ஆங்கிலப் பெயர்ப்பே. மனைவியை இழந்த தம் அண்டைவீட்டார் அந்நாள்களில் நிலைகுலைந்திருந்தார் என்று ஒருவர் 'எஸ்தார்' வினையால் சான்று கூறுவதாகக் கொள்வோம். பதிவில் அவர் 'அன்பேலன்ஸ்டு' ஆகிறார். இழப்பும் அதனால் நேர்ந்த மாற்றமும் மறைந்து, தீராத குறையொன்று அவர்மேல் ஏறுகிறது. பதிவை மட்டும் படிப்போர் மூலத்தின் வினையை அறியார். கூட்டரசுச் சட்டங்களிலிருந்து 'லூனடிக்' என்னும் சொல்லை 2012இல் நீக்கிய நாடு அது. சட்டம் கைவிட்ட முத்திரை, கவனமற்ற பெயர்ப்பின் வழியே மீண்டும் நுழைந்துவிடக்கூடும்.

முடிவுரை

'தெசெக்கிலிப்ராதோ' என்பதற்கு ஒற்றை நிகர்ச்சொல் தேடுவது பயன்தராது. 'எஸ்தார்' வினையோடு வருமிடத்தில் மாற்றத்தை உணர்த்தும் ஆங்கிலத் தொடர் வேண்டும். சமநிலை 'குலைக்கப்பட்டவர்' என்றோ, 'தம் இயல்பில் இல்லை' என்றோ பொருள்படும் தொடர்கள் அதற்கு ஏற்றவை. பெயராக நின்று வகைப்படுத்துமிடத்தில், மூலத்தின் வசை கேட்போர் செவியில் எவ்வளவு கடுமையாக ஒலிக்கிறதோ அவ்வளவே கடுமையான சொல் வேண்டும்; அதனைத் தணிப்பதும் மூலத்திற்குச் செய்யும் பிழையே. இருமொழி அகராதிகள் இச்சொல்லை வினைத்தொடர்களோடு இணைத்துப் பதிவுசெய்தால் இப்பிழைகள் குறையும். மனநிலைச் சொற்களைப் பிறமொழிகளிலிருந்து தமிழுக்குக் கொணர்வோரும் 'குலைந்திருக்கிறார்' என்பதற்கும் 'குலைந்தவர்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். தமிழ் இலக்கணம் தரும் அவ்வசதியை ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்போர் எளிதில் இழந்துவிடுகின்றனர்.