கவாத்து கேட்கும் கொடி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லாரிப் புழுதி படியும் தெருவிலும் சளைக்காமல் பூக்கும் கொடி ரங்கூன் மல்லி. வெயில்பட வைத்தால் போதும், தானே வளர்ந்துவிடும் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுப்பார்கள். உயிர் பிழைக்க அது போதும். கண் நிறையப் பூக்கப் போதாது. இந்தக் கொடி வளர்ப்பின் நுட்பமெல்லாம் கவாத்தில்தான் இருக்கிறது. பூங்கொத்து புதுத் தளிரின் நுனியில் வருவது. வெட்டாமல் விட்டால் பழந்தண்டுகள் முறுக்கேறிச் சிக்காகி, பூவெல்லாம் மொட்டைமாடிக்குப் போய்விடும். வாசலில் நிற்பவருக்குக் காய்ந்த குச்சிதான் மிச்சம். அது பெரிய இழப்பு, ஏனென்றால் இந்தப் பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மாலையில் வெள்ளையாக விரிந்து, மணம் வீசி, நீண்ட குழலுக்குள் நாக்கை நீட்டவல்ல அந்துப்பூச்சிகளை அழைக்கும். பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் செக்கச்செவேலென்று மாறித் தலைகவிழும். பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். அடுத்தடுத்த நாள்களில் மலர்ந்தவை ஒரே கொத்தில் தொங்குவதால், எல்லா நிறத்தையும் ஒருசேரப் பார்க்கலாம்.

தழைக்கும் செடியில் கத்தி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முல்லையை ஜனவரிக் கடைசியில் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பூவை நம்பிப் பிழைக்கும் விவசாயியே துணிந்து வெட்டுகிறார். ரங்கூன் மல்லிக்கு அவ்வளவு தேவையில்லை. கோடைப் பூப்பு தணிந்ததும், ஆவணி, புரட்டாசியில் முற்றிய தண்டுகளை அடியோடு எடுத்து, மற்றவற்றைப் பாதியாகக் குறைத்தால் போதும். அந்த மாதங்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது புயல் கரை. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா போல ஒரு காற்று வந்தால், அடர்ந்த கொடி பந்தலையும் சேர்த்துச் சாய்க்கும். மண்ணில் புதைத்த சவுக்குக் கம்பு அடியில் உளுத்துவிடும் என்பதால் இரும்புக் குழாய்ப் பந்தலே நல்லது.

சுவர் கெடும் என்ற பயம் இந்தக் கொடிக்குப் பொருந்தாது. இது சுவரில் வேர்விட்டு ஒட்டுவதில்லை. சுற்றிக்கொண்டும், உதிர்ந்த இலைக்காம்பின் அடி முள்ளாக இறுகி நிற்பதை ஊன்றிக்கொண்டும்தான் ஏறுகிறது. வெட்டும்போது கையுறை மறக்கக் கூடாது. பாம்பு வரும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கு மறைவிடம் தருவது அடியில் சேரும் சருகும் புதரும்தான். கீழே 2 அடிக்குத் தண்டைத் துப்புரவாக வைத்து, வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை அவ்வப்போது பிடுங்கிவிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஏணி போட மனமுள்ளவர்கள் தாராளமாக இதை வைக்கலாம். மற்றவர்களுக்குச் சங்குப்பூவே போதும்.